ஃபோர்வீல் வண்டியை உயர்த்தப் போகிறீர்களா? எத்தனை இன்ச் என்பதற்கு முன் எத்தனை கிலோ என்று பாருங்கள்

ஈப்போவில் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சீக்கிரமே ‘எத்தனை இன்ச் ஏத்தியிருக்கே?’ என்ற கேள்விக்கு வந்துவிடும். நல்ல பட்டறைக்குப் போனால் அங்கே முதலில் வேறு கேள்வி வரும். வண்டியில் தினமும் எவ்வளவு சுமை இருக்கிறது? எந்தப் பாதையில் ஓடுகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கிய லிஃப்ட் கிட், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், ஓட்டிப் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

பாதையைப் பொறுத்தவரை, பேராக்கில் பலருக்கு அது பழைய தோட்டப் பாதைதான். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட மாநிலம் இது. பிறகு பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டது. சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங் பக்கம் ஆட்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் தோட்டத்துக் கோயில் பல இடங்களில் அங்கேயே இருக்கிறது. திருவிழா வந்தால் குடும்பத்தோடு, அரிசி மூட்டை, அண்டா, கேஸ் தோம்போடு உள்ளே போக வேண்டும். வெயில் காலத்தில் கல் முளைத்த செம்மண் பாதை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை பிடித்தால் அதே பாதை வழுக்கும் களிமண். நடுவில் செம்பனை லாரி போட்ட ஆழமான தடம் வேறு.

இந்தப் பாதையில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆனால் அதே வண்டி மறுநாள் காலையில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து இறக்கத்தில் வளைந்து இறங்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவரும் பாகங்களைத்தான் தேட வேண்டும்.

ஸ்பிரிங் என்ன செய்கிறது, அப்சோர்பர் என்ன செய்கிறது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது அப்சோர்பர். அப்சோர்பரை மாற்றினால் வண்டி உயராது (ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு அப்சோர்பரின் மேலேயே இருந்து, அந்தத் தட்டின் இடத்தை மாற்றினால்தான் உயரும்). அதனால் ஸ்பிரிங்கை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்தும் அப்சோர்பரைப் பிறகு தேடுங்கள். கடைகளில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளவென்று இருக்கும் அப்சோர்பரை முதலில் வாங்கிவிட்டு, ஸ்பிரிங்குக்குக் காசு போதாமல் நிற்பார்கள்.

ஸ்பிரிங்கை உற்பத்தியாளர்கள் சுமையை வைத்தே பிரித்து விற்கிறார்கள். ஒரே ஹைலக்ஸுக்கு, முன்பக்கம் ஒன்றும் மாட்டாத வண்டிக்கு ஒன்று, இரும்பு பம்பர் மாட்டிய வண்டிக்கு ஒன்று, பம்பரோடு வின்ச்சும் உள்ள வண்டிக்கு இன்னொன்று என்று தனித்தனி எண் இருக்கும். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன்பக்கம் ஏறத்தாழ 100 கிலோ கூடிவிடும். பின்பக்கமும் அப்படியே: கேனோப்பி, கருவிப் பெட்டி, ஸ்பேர் டயர் தாங்கி எல்லாம் எப்போதும் இருக்கும் சுமை. திருவிழா நாளில் ஏறும் மூட்டைகள் எப்போதாவது வரும் சுமை. ஸ்பிரிங்கை எப்போதும் இருக்கும் சுமைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கனமான ஸ்பிரிங் வாங்குவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 300 கிலோவுக்கான லீஃப் ஸ்பிரிங் போட்ட வண்டி காலியாக ஓடும்போது பின்சக்கரம் தரையில் நிற்காமல் குதிக்கும். ஈரச் சாலையில், வளைவில், அந்தக் குதிப்புதான் வால் வீசுவதற்குக் காரணமாகிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி ஏற்றக்கூடிய சட்டப்படியான எடை கூடிவிடாது. பிரேக், அச்சு, சேஸி எல்லாம் அதே பழையதுதான்.

உயர்த்தினால் உண்மையில் எது உயரும்?

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஒரே முழு அச்சு. அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் பின்பக்கத்தில் தரைக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும் பாகம். லீஃப் ஸ்பிரிங்கை 2 இன்ச் உயர்த்தினாலும் 4 இன்ச் உயர்த்தினாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது, ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்து கீழேயே இருக்கிறது. லாரித் தடத்தின் நடு மேட்டில் இடிப்பது அதுதான்.

அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 265/65ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70ஆர்17 சுமார் 803. வித்தியாசம் 27, அதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும், அதாவது 13 மில்லிமீட்டர் சொச்சம். கேட்க அற்பமாக இருந்தாலும் அந்த உருண்டைக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

அப்படியென்றால் சஸ்பென்ஷனை உயர்த்துவது வீணா? இல்லை. சேஸியும் பெட்ரோல் டேங்கும் பக்கப் படியும் உயரும். முன்பக்கம் தனித்தனிச் சக்கரமாக இயங்கும் பிக்கப்பில் முன் டிஃபரன்ஷியல் சேஸியோடு இருப்பதால் அதுவும் சேர்ந்து உயரும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பம்பர் மண்ணைக் கொத்தாது. பெரிய டயருக்கும் இடம் கிடைக்கும். அதற்கு 2 இன்ச், அதாவது 50 மில்லிமீட்டர், தாராளம்.

2 இன்ச்சைத் தாண்டினால் செலவு வேறு கணக்கு. முன் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு அதிகமாக மடங்கி, அதன் ரப்பர் உறை கிழிந்து, சேறு உள்ளே போகும். மேல் ஆர்மின் பந்து மூட்டு எல்லையைத் தொடும். சக்கரத்தின் கோணம் சரியாக உட்காராமல் டயர் ஒரு பக்கம் தேயும். அதைச் சரிசெய்யப் புது மேல் ஆர்ம், டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் துண்டுகள், நீளமான பிரேக் குழாய் என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டிவரும். வண்டியின் எடை மையம் உயர்ந்து, வேகமான வளைவில் சாயும் போக்கும் கூடும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போகும் வண்டி என்றால், சிம்பாங் பூலாய் சாலையின் வளைவுகளை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

மலிவு வழிகள்

முன்பக்க ஸ்டிரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர் விலை குறைவு. 1 இன்ச் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 இன்ச் உயரும், ஆர்மின் நெம்புகோல் கணக்கால். ஆனால் சஸ்பென்ஷனின் மொத்த அசைவு ஒரு துளியும் கூடாது. பழைய ஸ்பிரிங், பழைய அப்சோர்பர், நிற்கும் உயரம் மட்டும் வேறு. பார்வைக்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரி.

பின்பக்கம் நீளமான ஷாக்கிள் போடுகிறார்கள். 2 இன்ச் நீளம் கூட்டினால் 1 இன்ச்தான் உயரும். அச்சுக்கும் லீஃபுக்கும் நடுவே கட்டை வைப்பதும் உண்டு. சிறிய கட்டை ஒன்றை முறையாகப் பொருத்தினால் ஓடும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கவே கூடாது. மேட்டில் எஞ்சின் இழுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும், கட்டை நழுவினால் அச்சே இடம் மாறிவிடும். முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள பழைய ஜீப் வகைகளில் முன்னால் கட்டை வைப்பதை யோசிக்கவே வேண்டாம்.

ஜிம்னிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் முழு அச்சு. அதைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி இருப்பதால், உயர்த்தினால் அச்சு ஒரு பக்கமாக நகரும்; ஸ்டியரிங் திரும்பி வரும் குணமும் குறையும். இரண்டையும் சரிசெய்யும் பாகங்கள் கிட்டில் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

எந்த அப்சோர்பர்?

இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரண்டு பெரிய வகை. ஒற்றைக் குழாயில் எண்ணெயும் அழுத்தமான நைட்ரஜனும் ஒரே குழாய்க்குள் இருக்கும். சூடு நேராக வெளிச்சுவர் வழியே வெளியேறுவதால் வேகமான நீண்ட கரடுமுரடுப் பாதையில் அதுவே நல்லது. பலவீனம், வெளியே கல் அடித்து நெளிந்தால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். ஃபோம் செல் என்று விற்கப்படுவதும் இரட்டைக் குழாய்தான். வாயுவுக்குப் பதில் உள்ளே நுரை உறை இருப்பதால் எண்ணெய் நுரைத்துப்போவது குறையும்.

தனி எண்ணெய்க் குப்பியோடு வரும் ரிசர்வாயர் வகை, பாலைவனத்தில் மணிக்கணக்காக வேகமாக ஓடும் வண்டிக்கு அவசியம். நம் தோட்டப் பாதையில் வேகமே இல்லை, சூடும் அவ்வளவு ஏறாது. இங்கே அப்சோர்பரைக் கொல்வது சேறும் கல்லும்தான். என் கருத்தில், இந்த ஊர் ஓட்டத்துக்கு எண்ணெய் அதிகம் கொள்ளும், தடித்த தண்டுள்ள இரட்டைக் குழாய் அல்லது ஃபோம் செல் போதும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, அயன்மேன், டஃப் டாக், தாய்லாந்தின் புரொஃபெண்டர், ஜப்பானின் கேஒய்பி, ஜெர்மனியின் பில்ஸ்டைன் எல்லாம் தெரிந்த பெயர்கள். பெயரைவிட, நீங்கள் வாங்கிய ஸ்பிரிங்குக்கு என்றே அந்த அப்சோர்பர் வடிவமைக்கப்பட்டதா என்பது முக்கியம். ஒரே நிறுவனத்தின் முழுத் தொகுப்பாக வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

நீளத்தையும் பாருங்கள். அளவுக்கு மீறி நீளமானால், சக்கரம் மேலே வரும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன்பே அப்சோர்பர் அடிவரை மடங்கி, பிடிமானம் உடையும். குட்டையானால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது முழு எடையும் அப்சோர்பரின் தண்டில் இழுக்கும்.

ஹாஃப்-கட் கடையில் பழைய லீஃப் ஸ்பிரிங் வாங்கலாம். விரிசல், தொய்வு கண்ணுக்குத் தெரியும். அப்சோர்பரை அங்கே வாங்காதீர்கள். வாயு போயிருக்கிறதா, உள்ளே வால்வு தேய்ந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஜேபிஜே, காப்புறுதி

வண்டியின் அமைப்பை மாற்றுவது சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதிக்கு உட்பட்டது. 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகள் இன்னும் நடப்பில் உள்ளன. கிட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், உங்கள் வண்டியின் மாடலையும் உயரத்தையும் சொல்லி ஜேபிஜேவிடம் கேளுங்கள். ‘எல்லாரும்தான் போடுறாங்க’ என்று கடைக்காரர் சொல்வது ரோட் பிளாக்கில் உதவாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டைச் சிக்கலாக்கலாம். மலேசியாவில் 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபோரஸ்ட் செலஞ்ச் போட்டியின் வீடியோக்களில் வரும் வண்டிகளை அளவுகோலாக வைக்காதீர்கள். அவை போட்டிக்கென்றே கட்டப்பட்டவை, குழந்தையைப் பள்ளியில் விடப் போவதில்லை.

மாட்டிய பிறகு

பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதும் அது நீண்டிருக்கும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அன்றைக்கே அலைன்மெண்ட் செய்யுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று பாருங்கள். முன்விளக்கையும் கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள், எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணில் அடிக்கும். சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குத் திரும்பி எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். தோட்டப் பாதைக்குப் போவதென்றால் அதற்குப் பிறகு போங்கள். உள்ளே போகும் முன் கேட்டில் காவலாளியிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் நம்முடையது என்றாலும் பாதை இப்போது தோட்டக் கம்பெனியுடையது.