கள்வனுக்குக் கவசம்

1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து மருத்துவர் அர்மான் துரூஸோ தம் சிரையொன்றில் குருதி உறைந்திருப்பதைக் கண்டார். பிறருக்கு அது ஓர் உபாதை. அவருக்கோ மரண ஓலை. காரணமின்றிச் சிரையில் குருதி உறைந்தால் உள்ளே எங்கோ புற்று ஒளிந்திருக்கக்கூடும் என்று 1865இல் மாணவர்களுக்கு எடுத்துரைத்தவர் அவரே. கணிப்பு பொய்க்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் இரைப்பைப் புற்றுநோயால் மறைந்தார்.

உறைதலுக்கும் புற்றுக்கும் என்ன உறவு? அதை விளக்கும் கருவி அன்று அவரிடம் இல்லை. 1882இல்தான் இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிஸ்ஸோஸெரோ, குருதியில் மிதக்கும் நுண்ணிய தட்டணுக்களைத் தனி இனமாக விவரித்து, காயத்தை அடைப்பவை அவையே என்று காட்டினார். உட்கருவற்றவை, இரண்டு மூன்று மைக்ரான் அளவே உள்ளவை, வாழ்நாளோ பத்து நாட்களுக்குள். ஆயினும் ஒவ்வொரு கீறலிலும் நம் உயிரைக் காப்பவை அவைதாம்.

அந்தக் காவலர்கள் கள்வனுக்கும் துணைபோவார்கள் என்பதை 1968இல் அமெரிக்காவில் கேப்ரியல் காஸிக்கும் சகாக்களும் எலிகளில் கண்டனர். தட்டணுக்களைக் குறைத்தபோது புற்றின் பரவலும் குறைந்தது.

இதன் சூட்சுமம் பின்னர் மெல்லத் துலங்கியது. தாய்க்கட்டியை விட்டுக் குருதியில் இறங்கும் புற்றணுவுக்கு அது ஆபத்தான பயணம். ஓட்டத்தின் விசை ஒருபுறம், நோயெதிர்ப்பு அணுக்களின் வேட்டை மறுபுறம். பெரும்பாலானவை வழியிலேயே மடிகின்றன. தட்டணுக்கள் சூழ்ந்து ஒட்டிக்கொண்டால் இயற்கைக் கொல்லி அணுக்களால் அதை எளிதில் தாக்க இயலாது என்று 1999இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. அவை கவசமாக மட்டும் நிற்பதில்லை. அவை சுரக்கும் டிஜிஎஃப் பீட்டா என்னும் புரதம், புற்றணுவை இடம்பெயர்ந்து ஊடுருவும் இயல்புக்கு மாற்றுகிறது என்று 2011இல் ரிச்சர்ட் ஹைன்ஸின் ஆய்வகம் நிறுவியது.

நுரையீரல் புற்றுநோயில் இக்கதை கூடுதல் கனம் பெறுகிறது. மூளை, எலும்பு, கல்லீரல் என்று அது பரவிய பின்னரே பலருக்குத் தெரியவருகிறது. குருதிப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகுந்திருப்பது அதன் முன்னறிகுறியாகலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் அவ்வாறு காணப்பட்டால் மார்பு எக்ஸ்ரே எடுப்பது பற்றிக் கருதுமாறு இங்கிலாந்தின் வழிகாட்டுதல் 2015இல் சேர்த்தது.

அப்படியானால் தட்டணுக்களை ஒடுக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். அவற்றை அழித்தால் குருதிப்பெருக்கு நம்மைக் கொல்லும். ஆஸ்பிரின் மீது எழுந்த நம்பிக்கைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நலமாயிருந்த முதியோர் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், ஆஸ்பிரின் உண்டவர்களிடையே புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தன.

எனவே இன்றைய தேடல் காவலனைக் கொல்வதற்கன்று. அவன் கள்வனுக்கு நீட்டும் கையை மட்டும் விலக்குவதற்கு. துரூஸோ தம் உடலில் படித்த வாக்கியத்தை அறிவியல் இன்னும் முழுவதுமாக வாசித்து முடிக்கவில்லை.