வெற்றுவரிக்குக் கீழே

மின்னஞ்சலின் வடிவத்தை 1982-இல் டேவிட் கிராக்கர் ஆர்.எஃப்.சி. 822 என்ற ஆவணத்தில் எழுதி வைத்தார். அனுப்புநர், பெறுநர், தேதி என்று தலைப்பகுதிக்குத்தான் அத்தனை விதியும். பிறகு ஒரு வெற்றுவரி. அதற்குக் கீழே ஆஸ்கி எழுத்துகளாக இருந்தால் போதும், எதை வேண்டுமானாலும் எழுதலாம். என் பிழைப்பே அந்தச் சுதந்திரத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

1980களில் எம்.ஐ.டி.யில் தாமஸ் மலோன் குழுவினர் ‘இன்ஃபர்மேஷன் லென்ஸ்’ செய்தார்கள். கடிதத்தையே படிவம்போல நிரப்பினால் கணினி பிரித்து வைக்கும். நல்ல யோசனைதான்; ஆனால் யார் கேட்டார்கள்? 1990-இல் வந்த புரோக்மெயில் எழுதுபவரை அவர் போக்கில் விட்டுவிட்டு, வந்த கடிதத்தில் எழுத்துக்கோலங்களைத் தேடியது.

நான் எழுதிய நிரல் அதன் பேரப்பிள்ளை. ஆர்டர் மின்னஞ்சல்களிலிருந்து பொருளையும் எண்ணிக்கையையும் உருவி கணக்கில் ஏற்றும். அதுவரை அவற்றைப் படித்துத் தட்டியவர் எங்கள் கிராணி அக்கா. மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர், ‘மாச்சாம் பியாசா’ என்று மட்டும் எழுதியிருந்தார். நிரல் பூஜ்யம் என்று பதிந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். “நாப்பது பெட்டி, தம்பி. ராயாவுக்கு முன்னன்னா அறுபது.”

அதையும் ஒரு விதியாகச் சேர்த்தேன். அடுத்த மாதம் அக்காவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவரிடம் கேட்காமல் விட்ட வாடிக்கையாளர்கள் இன்னும் பலர்.