கதை வகுப்பும் எழுதும் பொறியும்

மாணவன் எழுதிய பக்கத்தை யார் படிக்கிறார்? எழுத்துக் கல்வியின் வரலாறு முழுவதும் இவ்வொரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது எனலாம். ஏட்டில் எழுத்தாணி ஓடிய காலத்திலும், கற்பலகையில் குச்சி ஓடிய காலத்திலும், தாளில் எழுதுகோல் ஓடிய காலத்திலும், எழுதுபவன் ஒருவன், படித்துத் திருத்துபவர் ஒருவர் என்னும் முறை மாறியதில்லை. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி பொதுமக்கள் கைக்கு வந்தபின் அம்முறை ஆட்டங் காணத் தொடங்கியது. எழுதுவதும் பொறி, திருத்துவதும் பொறி என்னும் நிலை உருவாகி வருகிறது. சிலர் இதனை ஆரவாரத்தோடு வரவேற்கின்றனர். சிலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். இரு சாராரும் எண்ணிப் பார்க்கத்தக்க பழைய நிகழ்ச்சி ஒன்று கோலாலம்பூரில் உண்டு. அதனை உரைகல்லாகக் கொண்டு இப்புதுமையை ஆராய்வது பயன் தரும்.

தோட்டப் பள்ளியும் கிள்ளான் கோரிக்கையும்

மலாயாத் தமிழரில் பெரும்பாலோரின் கல்வி, பால்மரத் தோட்டங்களிலேதான் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்ததே ஒழிய, பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தரவில்லை. பல தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணியோ, ஓரளவு எழுத்தறிந்த கங்காணியோ ஆசிரியப் பணியையும் சேர்த்துப் பார்த்தார். நகரத்தில் நிலை சற்று வேறு. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்த தமிழர் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் 1904இல் விவேகானந்த ஆசிரமம் எழுந்தது; அங்கே தமிழ்ப்பள்ளியும் வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய வாய்ப்பு அரிது.

அக்குறையைத் தொழிலாளர் உணராமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதனை வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகளுட் சில. அவற்றோடு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். கூலியோடு கல்வியையும் கேட்டுப் போராடியவர்களின் வழிவந்தோரே இன்றைய தமிழ்ப்பள்ளி மாணவருட் பலர். ஆகவே, அப்பள்ளிகளில் எழுத்து எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பது சிறு செய்தியன்று.

செய்தித்தாளே வகுப்பறை

போர் முடிந்தபின் மலாயாவில் தமிழ் எழுத்து புத்துயிர் பெற்றது. எழுத விழைந்தோர் பலர் இருந்தனர். எழுதப் பயிற்றுவோர் இலர். இக்குறையைப் போக்க 1924இல் தோன்றிய அதே ‘தமிழ் நேசன்’ முன்வந்தது. 1950, 1951ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அவ்விதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். சிறுகதையின் அமைப்பும் நடையும் இதழிலே விளக்கப்பெற்றன. வாசகர் பயிற்சிகளை எழுதி அனுப்பினர். அவை படிக்கப்பெற்றன, குறைநிறைகள் கூறப்பெற்றன, தேர்வு வைத்துத் தரம் பிரிக்கப்பெற்றன. பின்னாளில் மலேசியச் சிறுகதையில் பெயர் பெற்ற பலர் அவ்வகுப்பில் பயின்றவர்கள். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு கூறுவோர் அவ்வகுப்பைக் குறிப்பிடாமல் செல்வதில்லை.

அதன் வெற்றிக்குக் காரணம் யாது? ஆசிரியர் இருவரும் மாணவர்க்காகக் கதை எழுதித் தரவில்லை. மாணவன் முதலில் எழுதினான்; தன் பிழையோடு எழுதினான். அப்பிழை, அவன் எங்கே நின்று தடுமாறுகிறான் என்பதை ஆசிரியர்க்குக் காட்டியது. தான் எழுதியதை அக்கறையோடு படிக்க ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணமே அவனை மறுமுறை எழுதத் தூண்டியது. 1952இல் சுப. நாராயணன் சிங்கப்பூர்த் ‘தமிழ் முர’சில் ‘ரசனை வகுப்பு’ நடத்தினார். எழுதக் கற்பித்தவர் அடுத்து இலக்கியத்தைச் சுவைக்கக் கற்பித்தார். இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கட்டுரையை அளந்த பொறி

1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தமிழறிஞரின் கண்கள் கோலாலம்பூரை நோக்கின. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையின் தலைவராக விளங்கிய சேவியர் தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே கூடிற்று. அதே ஆண்டு சனவரியில், அமெரிக்க நாட்டில் எல்லிஸ் பேஜ் என்னும் கல்வியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாணவர் கட்டுரைகளைக் கணினி மதிப்பிடும் நாள் நெருங்கிவிட்டது என்பது அதன் கருத்து. அவர் ஒரு காலத்தில் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். கட்டுரைக் கட்டுகளின் சுமையை அறிந்தவர்.

அவர் அமைத்த முறையில் கணினி கட்டுரையைப் படித்துப் பொருள் உணரவில்லை. கட்டுரையின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை, சொற்களின் நீளம், அருஞ்சொற்களின் அளவு முதலியவற்றை எண்ணியது. அவ்வெண்களைக் கொண்டு மதிப்பெண் கணித்தது. மனித நடுவர் தம்முள் ஒத்துப்போகும் அளவுக்கு அம்மதிப்பெண்ணும் அவர்களோடு ஒத்துப்போயிற்று. வரப்பின் நீளத்தை அளந்து விளைச்சலைச் சொல்வது போன்றது இது. பல வேளைகளில் கணக்குப் பொருந்தும். ஆயினும் வரப்பை அளந்தவன் நெல்லைக் கண்டவன் ஆகான். இதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. லெஸ் பெரல்மேன் என்னும் பேராசிரியர் 2014இல், பொருளற்ற சொற்களை அடுக்கிக் கட்டுரை செய்யும் நிரல் ஒன்றை மாணவரோடு சேர்ந்து அமைத்தார். அக்கட்டுரைகளுக்குத் திருத்தும் பொறிகள் உயர்ந்த மதிப்பெண் வழங்கின.

1966இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையும் ஈண்டுக் கருதத்தக்கது. ஜோசப் வைசன்பாம் என்பார், மனிதரோடு உரையாடும் ‘எலைசா’ என்னும் நிரலை அதில் விளக்கினார். எதிரே இருப்பவரின் சொல்லையே திருப்பி வினாவாக்குவது அதன் உத்தி. அவ்வளவு எளிய நிரலிடமும் மக்கள் மனந்திறந்து பேசினர். அதனைக் கண்டு அவரே திடுக்கிட்டார். மனிதர் செய்ய வேண்டிய சில பணிகளைக் கணினியிடம் ஒப்படைத்தல் ஆகாது என்று 1976இல் நூல் எழுதினார். பொறியை ஆக்கியவரே பொறியின் எல்லையைச் சுட்டியது கருதத்தக்கது.

தமிழுக்குத் துணையான பொறி

இவற்றால் பொறி தமிழுக்குப் பகை என்று கொள்ளுதல் தவறு. கணினியில் தமிழ் ஏறியதில் மலேசியாவின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கும் பணியில் இறங்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2005இல் ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியிலும் தமிழ் ஏறிற்று. பின்னர் அச்செயலியில், தட்டும்போதே சொற்களைப் பரிந்துரைக்கும் வசதியும் வந்தது. இவை யாவும் எழுதுபவனின் கைக்கு உதவிய கருவிகள். சொல்ல வேண்டிய பொருள் அவனுடையதாகவே இருந்தது. புதிய பொறியோ பொருளையும் தானே தர முன்வருகிறது. வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

அப்பொறி செயற்படும் முறை சுருங்கக் கூறின் இதுவே: எண்ணற்ற பக்கங்களைக் கொண்டு அது பயிற்றப்படுகிறது, ஒரு சொல்துண்டுக்குப்பின் எத்துண்டு வரத்தகும் என்று கணித்துக் கணித்துத் தொடர் அமைக்கிறது. ஆதலின், எதனைக் கொண்டு பயிற்றப்பட்டதோ அதன் சாயலே அதில் மிகும். 2020இல் வெளிவந்த ஜிபிடி-3 என்னும் பொறிக்குப் புகட்டிய சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று ஆங்கிலம். எஞ்சிய ஏழில் உலகின் ஏனைய மொழிகள் எல்லாம் அடங்கும். அத்தகைய பொறிகள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லினும் மிகுதியான துண்டுகளாக வெட்டிக் கையாண்டன என்பதையும் ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். பின்வந்த பொறிகளில் தமிழ் திருந்தியுள்ளது உண்மையே. எனினும் பெரும்பான்மை வழக்கை முதலில் நீட்டுவது அவற்றின் இயல்பு.

இதில் மலேசியத் தமிழ்க்குத் தனித்த இழப்பு ஒன்று உண்டு. காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்பது இந்நாட்டுத் தமிழர் வழக்கு. பால்மரம், லயம், கிராணி என்னும் சொற்களில் ஒரு சமுதாயத்தின் நூற்றாண்டு வாழ்வு உறைந்துள்ளது. கதை வகுப்பில் பயின்றோரும் அவர்க்குப் பின்வந்தோரும் இச்சொற்களை ஏட்டில் ஏற்றினர். கிள்ளான் மாணவன் தன் பாட்டியின் வாழ்வை எழுதும் பணியைப் பொறியிடம் விட்டால், எந்நாட்டுத் தமிழர்க்கும் பொருந்தும் பொதுவான பாட்டி ஒருத்தியே தாளில் தோன்றுவாள். பிழை இராது, அவன் பாட்டியும் இராள்.

பள்ளியின் இன்றைய நிலை

காலமும் இம்மாற்றத்துக்கு இடமளித்துவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும், மூன்றாம் படிவ மாணவர்க்கான பிடி3 தேர்வு 2022இலும் மலேசியாவில் நீக்கப்பெற்றன. தேர்வு அச்சத்தைக் குறைத்து, வகுப்பறையில் ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டுக்கு முதன்மை தருவது நல்ல நோக்கமே. ஆயின், வீட்டிலும் வகுப்பிலும் மாணவன் செய்யும் பணிக்கு மதிப்பு உயர்ந்த அதே வேளையில், அப்பணியைச் செய்து தரும் பொறியும் வந்து சேர்ந்தது.

பொறி எழுதியதைக் கண்டுபிடிக்க மற்றொரு பொறி உண்டே எனலாம். சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் அத்தகைய கருவியைத் தந்து, துல்லியம் போதாது என்று சூலையில் மீட்டுக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளை அக்கருவிகள் பொறி எழுதியவை என்று பிழைபடத் தீர்ப்புக் கூறின. எளிய சொற்களால் எளிய தொடர் அமைத்ததே அம்மாணவர் செய்த குற்றம். தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி பயிலும் பிள்ளைகளைக் கொண்ட பள்ளிகளில் இக்கருவியை நம்பி ஒரு குழந்தையைக் கள்வன் என்பது கொடிது.

பொறியை ஆதரிப்போர் கூறுவதிலும் நியாயம் உண்டு. ஆசிரியர் ஒருவர்க்குக் கட்டுகட்டாகக் கட்டுரைகள்; அவற்றோடு பதிவேடுகள், அறிக்கைகள். வீட்டில் தமிழ் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு, ஐயம் கேட்டவுடன் விடை கூறும் பொறி ஒரு துணையே. இதனை மறுப்பதற்கில்லை. பதிவேட்டுச் சுமையைப் பொறி ஏற்கட்டும். அதனால் மிஞ்சும் நேரம் பிள்ளையின் பக்கத்தைப் படிக்கப் பயன்படட்டும். அதற்கு மாறாகப் படிப்பதைப் பொறியிடம் விட்டுப் பதிவேட்டை ஆசிரியர் வைத்துக்கொள்வது தலைகீழ் முறை. யுனெஸ்கோ நிறுவனமும் 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், வகுப்பறையில் இத்தகைய பொறிகளைப் பயன்படுத்தக் குறைந்த வயது 13 என்று வரம்பு காட்டிற்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் யாவும் தொடக்கப் பள்ளிகள் என்பதும், அவற்றின் மாணவர் அவ்வயதுக்கு உட்பட்டோர் என்பதும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளத்தக்கவை.

கதை வகுப்பு தரும் வழி

மாணவன் முதற்படியைத் தன் கையால் வகுப்பிலேயே எழுதுவது. அதனை ஆசிரியர் படித்து, ‘இதனை ஏன் இவ்வாறு எழுதினாய்?’ என்று வாயால் வினவுவது. பின்னர் அவனே மறுபடி எழுதுவது. 1950இல் பயன்பட்ட இம்முறைக்குச் செலவு மிகுதியில்லை. வளர்ந்த மாணவர்க்கு ரசனை வகுப்பையும் புதுப்பிக்கலாம். பொறி எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, இதில் இம்மண்ணின் மணம் எங்கே, எச்சொல் இந்நாட்டில் வழங்காதது, எத்தொடர் வெறும் அலங்காரம் என்று மாணவரையே ஆராயச் செய்யலாம். அவ்வாறு பயின்றவன் பொறியை ஆள்வான். பயிலாதவனைப் பொறி ஆளும்.

‘தமிழ் நேசன்’ 2019 பெப்ரவரியோடு நின்றுவிட்டது. வாசகரின் எழுத்தைப் படித்துத் திருத்திய ஓர் இடம் அதனோடு மறைந்தது. எஞ்சியிருப்பவை வகுப்பறைகளும், வாரந்தோறும் வாசகர் எழுத்தை வரவேற்கும் இதழ்ப் பக்கங்களுமே. 1941இல் கிள்ளான் தொழிலாளர் தம் பிள்ளைகளுக்குக் கேட்டது ‘தக்க கல்வி’. பிள்ளை எழுதிய பக்கத்தை அக்கறையோடு படிக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அக்கோரிக்கையுள் அடங்கும். அதனைக் காப்பது இன்றைய தமிழாசிரியரின் கடன்.