நார்த்விச் நகரின் நில அமிழ்வு

இங்கிலாந்தின் செஷயர் பிரதேசத்தில், வீவர், டேன் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் அமைந்த நார்த்விச், தன் செல்வத்துக்கும் சேதத்துக்கும் ஒருங்கே உப்பையே காரணமாகக் கொண்ட நகரமாகும். ரோமானியர் காலத்திலேயே இங்கு உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். இடைக்காலத்திலும் அத்தொழில் நடந்து வந்தது.

1670இல், அருகிலுள்ள மார்பரியில் நிலக்கரி தேடித் தோண்டியபோது பாறையுப்பு தென்பட்டது. அவ்வுப்பின் மேற்படுகையைக் குடைந்தவர்கள் கூரையைத் தாங்க விட்டுவைத்த உப்புத் தூண்கள் பெரும்பாலும் மெலிந்தவை. தண்ணீர் உட்புகுந்ததும் அவை கரைந்தன. 1781 அளவில் கீழ்ப்படுகை கண்டறியப்பட்டு, சுரங்கங்கள் ஆழத்துக்குச் சென்றன. மார்ஸ்டன் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகளின் ஒளியில் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கொலாஸ் 1844இல் விருந்துண்டார் என்று சொல்லப்படுகிறது. எனினும் இச்செய்தியை ஐயத்தோடு கொள்வதே தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியே இவ்வரலாற்றின் உச்சம். வெள்ளம் நிரம்பிக் கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து உவர்நீரை நீராவி யந்திரங்கள் இடைவிடாது இறைக்க, அவ்விடத்தை நிரப்பப் புதுநீர் புகுந்து எஞ்சிய தூண்களையும் கரைத்தமையால், தெருக்கள் உள்வாங்கின. எரிவாயுக் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் முறிந்தன. வீட்டு வாசல்கள் தெருமட்டத்துக்குக் கீழே இறங்கின. 1880 டிசம்பர் 6ஆம் தேதி வின்சம் ஓடையின் நீர் பூமிக்குள் பாய்ந்து, உள்ளே அடைபட்ட காற்று சேற்றை வாரி மேலெறிந்தது. அமிழ்ந்த நிலங்களில் ஆஷ்டன், நியூமன் என்னும் பெயர்களால் வழங்கும் ஏரிகள் தோன்றின. பழிக்குரியவர்கள் சுரங்கக்காரரா, உவர்நீர் இறைப்போரா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. இரண்டும் கலந்தே தீங்கு விளைத்தன எனக் கொள்ள இடமுண்டு.

பூமிக்கடியில் உவர்நீர் வெகுதூரம் ஓடுவதால், இன்னாருடைய யந்திரமே இன்ன வீட்டைச் சாய்த்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க இயலவில்லை. ஆகவே 1891ஆம் ஆண்டுச் சட்டம், தனிக் குற்றவாளியைத் தேடுவதை விடுத்து, இறைப்போர் அனைவர்மீதும் வரி விதித்து நஷ்டஈடு வழங்க வழி செய்தது. 1952இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் இவ்வேற்பாட்டை விரிவாக்கியது.

நகரத்துக் கட்டட முறையோ சட்டத்தினும் அழகிய மறுமொழியாகும். செங்கல் சுவரை மட்டும் நம்பாமல், மரச்சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்து வீடு கட்டினர். நிலம் இறங்கினால் அடியில் ஜாக்கிகளை வைத்து, சட்டத்தோடு முழுக் கட்டடத்தையும் உயர்த்தி, கீழே புது அஸ்திவாரம் இட்டனர். 1892இல் காஸில் சேம்பர்ஸ் என்ற கட்டடம் பின்புறமாகச் சாய்ந்தபோதும் சட்டம் பிரியாமல் முழுதாக நின்றது என்பர். பாலங்களும் இவ்வாறே: 1899இல் திறந்த டவுன் பாலம், மின்சக்தியால் சுழன்று கப்பலுக்கு வழிவிடுவதோடு, தன் பாரத்தின் பெரும்பகுதியை நீரில் மிதக்கும் தொட்டியொன்றின்மேல் சுமத்தியிருக்கிறது. உறுதியற்ற ஆற்றுப்படுகையை நம்பாமலிருக்க இத்தகைய யுக்தி கண்ட பொறியாளர் சேனர் நினைவுகூரத் தக்கவர்.

இவ்வட்டாரத்து உப்புச் சுரங்கங்களுள் ஒன்றான அடிலெய்டு 1928இல் நீரில் மூழ்கியது. 2004 முதல் 2007 வரை, நகரின் கீழிருந்த நான்கு பழஞ்சுரங்கங்களில் சிமெண்டும் சாம்பலும் உவர்நீரும் கலந்த குழம்பு செலுத்தப்பட்டது. அவற்றுள் பாரன்ஸ் கீ சுரங்கம் இருந்த பகுதியில் அப்பெயராலேயே ஓர் அங்காடித் தொகுதி பின்னர் எழுந்துள்ளது.