உலு லங்காட் நிலமும் நீதித்துறை அதிகாரமும்: அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டின் மலேசியப் பயணம்

கூட்டரசின் நீதித்துறை அதிகாரம் உயர்நீதிமன்றங்களிடமும் கீழ்நிலை நீதிமன்றங்களிடமும் இருக்கும் என்று மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 121(1)ஆவது பிரிவு முன்பு கூறியது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி, கூட்டரசுச் சட்டம் வழங்கும் அதிகாரமே நீதிமன்றங்களுக்கு உண்டு என்றாக்கியது. 2007இல் கொக் வா குவான் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அத்திருத்தத்தை எழுத்துப்படியே ஏற்றனர். ரிச்சர்ட் மலாஞ்சும் என்ற நீதிபதி அந்தக் காரண விளக்கத்தை ஏற்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் பெரும்பான்மையின் பார்வையை மாற்றியது சிலாங்கூரின் ஒரு நில வழக்கு. அம்மாற்றம் சரியானது, ஆனால் அதை நீதிபதிகளின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடுவது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காஜாங் – சிரம்பான் நெடுஞ்சாலைக்காக உலு லங்காட் மாவட்டத்தில் செமினி ஜெயா நிறுவனத்தின் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீடு குறித்த வழக்கில் நீதிபதியுடன் இரு மதிப்பீட்டாளர்கள் அமர்வர். ஒருவர் அரசு மதிப்பீட்டு அதிகாரி, மற்றவர் தனியார் துறையினர். 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 40D பிரிவின்படி, இழப்பீட்டுத் தொகையில் அவர்கள் முடிவே இறுதியாக இருந்தது. இருவரும் மாறுபட்டால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நீதிபதியின் வேலையாக இருந்தது. 2017 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவை அரசமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சைனுன் அலி, நீதித்துறை அதிகாரமும் அதிகாரப் பிரிவினையும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தவை, நீதிமன்றம் அல்லாதோரிடம் அவ்வதிகாரத்தை ஒப்படைக்க முடியாது என்றார்.

ஒன்பது மாதங்களில் அந்நெறி ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கில் சோதிக்கப்பட்டது. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் கணவர் 2009இல் இஸ்லாத்தைத் தழுவி, மனைவியின் சம்மதமின்றி மூன்று பிள்ளைகளையும் மதமாற்றினார். 121(1A)ஆவது பிரிவின்படி இம்மதமாற்ற விவகாரம் ஷரியா நீதிமன்றத்துக்கு உரியது என்பது எதிர்வாதம். 2018 ஜனவரி 29 அன்று, மதமாற்றச் சான்றிதழ்களைப் பதிவாளர் சட்டப்படி வழங்கினாரா என ஆராய்வது உரிமையியல் நீதிமன்றத்தின் நீக்கமுடியாத அதிகாரம் என்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்றும் தீர்ப்பாயிற்று. இத்தீர்ப்பையும் எழுதியவர் சைனுன் அலியே.

மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் திருத்தும் உரிமையை 159ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்க, எழுதப்படாத எல்லையை நீதிபதிகள் எப்படி வகுக்கலாம் என்ற கேள்வி வலுவானது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்ற இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த பின்னும், 1977இல் லோ கூய் சூன் வழக்கில் மலேசிய நீதிமன்றம் அக்கோட்பாட்டை ஏற்கவில்லை. ஆனால் 2017, 2018 தீர்ப்புகள் 1988 திருத்தத்தைச் செல்லாததாக்கவில்லை. அது நீதிமன்ற அதிகாரத்தைப் பறித்துவிடவில்லை என்றே பொருள்கொண்டன. அரசமைப்பே தலையாய சட்டம் என 4(1)ஆவது பிரிவு கூறும்போது, அரசின் செயலை அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சுதந்திரமான நீதிமன்றம் இன்றியமையாதது. இழப்பீட்டுக்குப் போராடும் நிலவுரிமையாளருக்கும் பிள்ளைக்குப் போராடும் தாய்க்கும் அதுவே கடைசிப் புகலிடம்.

எனினும், பொருள்கோடலால் மீண்டது பொருள்கோடலால் மறையவும் கூடும். வேறோர் அமர்வு 2007இன் பார்வைக்குத் திரும்புவதை எழுத்திலுள்ள பிரிவு தடுக்காது. தீர்ப்பை நிறைவேற்றுவதும் நீதிமன்றத்தின் கையில் இல்லை. தந்தை கொண்டுசென்ற இந்திராவின் கடைசி மகள், தீர்ப்பு வந்து பல ஆண்டுகளாகியும் தாயிடம் வந்து சேரவில்லை. எனவே 1988க்கு முந்தைய வாசகத்தை நாடாளுமன்றம் 121(1)ஆவது பிரிவில் மீண்டும் சேர்க்க வேண்டும். நீதிமன்றங்கள் தம் கடமையைச் செய்துவிட்டன. எஞ்சிய கடமை சட்டமியற்றுவோருடையது.