பேராதனைப் பல்கலைக் கழகமும் உறைவிடக் கல்வியும்

பல்கலைக் கழகம் என்பது விரிவுரை மண்டபங்களின் தொகுதி மட்டுமன்று. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்து உறைந்து, உண்டு, உரையாடி, ஒருவரை ஒருவர் அறியுமிடமும் அதுவேயாம். இலங்கையின் உயர்கல்வி வரலாற்றில் இக்கருத்து உருப்பெற்ற இடம் பேராதனை. பல மொழியும் பல சமயமும் உடைய இளைஞர் ஒருங்கு வாழ்ந்து கற்பதனால் விளையும் நன்மையையும், அவ்வுறவு தளர்ந்தவிடத்து நேரும் இழப்பையும் அதன் வரலாறு ஒருங்கே காட்டுகின்றது.

இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக் கழகம் வேண்டுமென்ற கோரிக்கை 1906ஆம் ஆண்டில் அமைந்த இலங்கைப் பல்கலைக் கழகச் சங்கத்தினால் வலுப்பெற்றது. அதன் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். ஆங்கிலக் கல்வி கற்ற வகுப்பினர் தம் தாய்மொழியையும் முன்னோர் பண்பாட்டையும் மறந்து வாழ்தல் கண்டு வருந்திய அவர், அக்குறையை நீக்கவல்லது நாட்டிற் காலூன்றிய பல்கலைக் கழகமே எனக் கருதினார். 1921இற் கொழும்பிற் பல்கலைக் கழகக் கல்லூரி தோன்றியது. ஆயினும் அது இலண்டன் பல்கலைக் கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் நிலையமாகவே இருந்தது. தாம் விரும்பிய முழுமையான பல்கலைக் கழகத்தைக் காணாமலே அருணாசலம் 1924இல் மறைந்தார்.

அப்பல்கலைக் கழகம் எங்கே அமைய வேண்டும் என்பது பற்றி எழுந்த விவாதம் நெடுங்காலம் நீடித்தது. மருத்துவக் கல்லூரியும் நூதனசாலையும் நீதிமன்றங்களும் உள்ள தலைநகரே தக்கதெனச் சிலர் வாதித்தனர். நகரத்து ஆரவாரத்தினின்று விலகிய மலைநாட்டில் மாணவர் அனைவரும் விடுதிகளில் உறைந்து கற்றல் வேண்டுமெனப் பிறர் வற்புறுத்தினர். பத்திரிகையாளரான டி. ஆர். விஜயவர்த்தன இப்பின்னவர் பக்கத்தில் முன்னின்று உழைத்தார். முடிவில் மகாவலி கங்கைக்கும் ஹந்தானை மலைக்கும் இடைப்பட்ட பேராதனை நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இடத்தைப் பற்றிய வழக்கெனத் தோன்றினும், கல்வியின் இயல்பு யாது என்பதே உண்மையில் ஆங்கு வழக்கிடப்பட்ட பொருள் எனலாம்.

1942 ஜூலை முதலாம் நாள் இலங்கைப் பல்கலைக் கழகம் சட்டப்படி தோன்றியது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானார். கலை, கீழைத்தேயக் கல்வி, விஞ்ஞானம், மருத்துவம் ஆகிய நான்கு பீடங்களுடன் அது கொழும்பிலேயே பணி தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்ற சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறையும் வரை அப்பதவியை அணிசெய்தார். பேராதனைக்கான திட்டத்தை சேர் பற்றிக் அபர்குறொம்பியும் கிளிபோட் ஹொலிடேயும் வகுக்க, கட்டடங்களை உருவாக்கும் பொறுப்பை ஷேர்லி டி அல்விஸ் ஏற்றார். கண்டி மண்டபங்களின் தூண்களும் சாய்ந்த ஓட்டுக் கூரைகளும் அவர் அமைப்பிற் புதுவாழ்வு பெற்றன. 1952இற் கலைப் பீடமும் கீழைத்தேயக் கல்விப் பீடமும் பேராதனைக்குக் குடிபெயர்ந்தன. அவ்வாண்டிலேயே அக்கட்டடக் கலைஞரும் உயிர் நீத்தார். 1954 ஏப்ரல் 20ஆம் நாள், இரண்டாம் எலிசபெத் அரசியார் முன்னிலையில், எடின்பரோக் கோமகன் பல்கலைக் கழகத்தை முறைப்படி திறந்துவைத்தார்.

விடுதிகளே பேராதனை வாழ்வின் நடுநாடி. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ், மார்ஸ் முதலியோர் பெயர் தாங்கிய விடுதிகளில் யாழ்ப்பாணத்தானும் மாத்தறையானும் மட்டக்களப்பானும் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தனர். பெண்கள் சங்கமித்தை, ஹில்டா ஒபயசேகர ஆகிய விடுதிகளில் உறைந்தனர். விரிவுரையிற் கேட்டதை உணவுச்சாலையிற் பேசித் தெளிந்தனர். வளாகத்திற் பௌத்த, இந்து, கிறித்தவ, இசுலாமிய வழிபாட்டிடங்கள் யாவும் இடம்பெற்றன. குறிஞ்சிக்குமரன் ஆலயம் இந்து மாணவரின் பக்திக்கும் ஒற்றுமைக்கும் நிலைக்களமாயிற்று.

இக்கூட்டு வாழ்வின் சிறந்த விளைவு நாடகத்திற் காணப்படுவது. ஆங்கிலப் பேராசிரியர் லுடொவைக் மாணவரைக் கொண்டு உயர்ந்த நாடகங்களை அரங்கேற்றினார். தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்களை எழுதினார். எதிரிவீர சரச்சந்திர நாட்டுக் கூத்து மரபினின்று 1956இல் ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். 1961இல் அவரது ‘சிங்கபாகு’ பேராதனைத் திறந்தவெளி அரங்கில் ஆடப்பட்டது. சிங்கள நாடகம் தன் மரபிற் புத்துயிர் பெற்றமை கண்ட சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை மாணவரைக் கொண்டு செம்மைசெய்து, 1962இற் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். அவற்றில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளிற் பேராசிரியராகி அக்கலையை மேலும் வளர்த்தார். ஒரு மொழியார் முயற்சி மற்றொரு மொழியார்க்கு ஊக்கமாயிற்று. இத்தகைய ஊக்கம் அயலில் வாழ்வோர்க்கே எளிதில் வாய்ப்பதாம்.

1960இல் தாய்மொழி மூலம் கற்ற மாணவர் கலைப் பீடத்திற் புகுந்தனர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவு திறந்தது. அருணாசலம் கண்ட கனவின் ஒரு பகுதி நிறைவேறிற்று. ஆயினும், முன்னர் ஒரே வகுப்பில் அமர்ந்தவர் மொழிக்கொரு மண்டபத்திற் பிரிந்தனர். மாணவர் தொகை பெருகியமையால் விடுதி வாழ்வின் பழைய அமைதியும் குன்றிற்று. தாய்மொழிக் கல்வி குறையன்று. பிரிந்து கற்போரை இணைக்கும் வழியைத் தேடாமையே குறை. 1970களில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. 1983 மே மாதத்திற் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வெளியேற நேர்ந்தமை, ஒருங்கு வாழ்தல் என்னும் இலட்சியத்தின் மேல் விழுந்த பேரிடி.

நிறுவனத்தின் பெயரும் காலந்தோறும் மாறிற்று. 1972இல் அது இலங்கை முழுவதற்குமான ஒரே பல்கலைக் கழகத்தின் வளாகமாயிற்று. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகப் பேராதனைப் பல்கலைக் கழகம் எனத் தனித்து நின்றது. 1974இல் இராமநாதனின் பரமேசுவரக் கல்லூரி நிலத்தில் யாழ்ப்பாண வளாகம் எழுந்தபோது, அதன் தலைவராகச் சென்ற க. கைலாசபதியும், பின்னர் அங்கு துணைவேந்தரான வித்தியானந்தனும் பேராதனையின் ஆசிரியர்களாய் இருந்தவர்களே.

கட்டடமும் சட்டமும் பல்கலைக் கழகத்திற்கு உடலாவன. அடுத்த அறையில் வாழ்பவன் மொழியையும் துயரையும் அறிய விழையும் உள்ளமே அதன் உயிர். அவ்வுயிரைப் பேணும் கடமை சட்டமியற்றுவோரைக் காட்டிலும் கற்பிப்போர்க்கும் கற்போர்க்குமே பெரிதும் உரியது.