கிணற்றடியில் ஒரு பொறியியல் வகுப்பு

தாராவிச் சந்துக் குழாயில் வருவதும் மாட்டுங்கா மாடித் தொட்டிக்கு ஏறுவதும் மும்பை மாநகராட்சியின் ஏரித் தண்ணீர். அது போதாதபோது செம்பூர்க் கட்டட வாசல்களில் வந்து நிற்கும் டேங்கரில் இருப்பது பெரும்பாலும் நகரத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் இறைத்த நிலத்தடி நீர். 2025 ஏப்ரலில், மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி விதிகளை எதிர்த்து டேங்கர்காரர்கள் சில நாள் வண்டியை நிறுத்தினார்கள். தன் காலடியிலும் நீர் இருக்கிறது என்பது அப்போதுதான் நகரத்துக்கு நினைவு வந்தது.

மறந்துபோனதற்குக் காரணம் உண்டு. 1860இல் விகார் ஏரி கட்டி முடிந்தது. பிறகு துளசி, தான்சா, வைதர்ணா, பாட்சா என்று நீரைத் தேடி நகரம் மேலும் மேலும் தொலைவு போனது. 1911இல் மருத்துவர் பென்ட்லி, பம்பாயின் மலேரியாக் கொசு வளர்வது கிணறுகளில்தான் என்று காட்ட, கிணறுகள் மூடப்பட்டன. பல தூர்ந்தும் போயின. சர்ச்கேட் பக்கம் 1725இல் வெட்டிய பீக்கா பெஹ்ராம் கிணறு பார்சிகளின் பக்தியால் பிழைத்தது. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அதன் நீர் இன்றும் கரிப்பதில்லை.

ஏரிகள் இருக்கும் ஊரின் கதை வேறு. தான்சாவும் பாட்சாவும் இருக்கும் ஷாஹாபூர் தாலுகாவில் ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. ஆனால் கோடை வந்தால் அங்குள்ள ஆதிவாசிக் குடியிருப்புகளான பாடாக்களின் கிணறுகள் வற்றிவிடும். அவர்களும் டேங்கருக்குத்தான் காத்திருக்க வேண்டும். அணை நீர் மும்பைக்கு வந்துவிடுவது பாதிக் காரணம். மீதி, பாறையில் இருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகிய தக்காணப் பாறையில் மணற்படுகை போல நீர் தங்க இடமில்லை. மேலே மக்கிய பகுதியிலும் கீழே விரிசல்களிலும் கொஞ்சம் நிற்கும். சரிவான நிலம் அதையும் மழைக்காலம் முடிந்த சில மாதங்களில் ஓடைகளில் வடித்துவிடும். சிவில் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் டார்சி விதி, 1856இல் டிஜோன் நகரின் குடிநீர்ப் பணியை ஒட்டி மணலில் செய்த சோதனையிலிருந்து பிறந்தது. விரிசல் பாறைக்கு அதை அப்படியே பொருத்தினால் கணக்கு பிசகும்.

இந்த ஷாஹாபூர்க் கிணறுகளைத் தேடிப் போனவர் நிலவியலாளர் அல்லர் என்பது சுவையான செய்தி. மும்பை ஐஐடியின் மிலிந்த் சோஹோனி கணினியியல் பேராசிரியர். கணினியியலின் தீராத பி–என்பி புதிருக்கு வடிவியல் வழியில் விடை தேடும் கோட்பாட்டைக் கேதன் முல்முலேயுடன் சேர்ந்து 2001இல் முன்வைத்தவர். ஐஐடியின் பவாய் வளாகத்தில் 1985இல் தொடங்கிய, கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கான ‘சிதாரா’ மையத்துக்குப் பின்னர் தலைமை ஏற்றார். அங்கே முதுநிலை மாணவர் கிராமத்தில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். கிணற்றில் கயிறு விட்டு மட்டம் அளக்க வேண்டும். குழாய்த் திட்டம் ஏன் படுத்துவிட்டது என்று ஊராரிடமும் தாலுகா அலுவலகத்திலும் கேட்டறிய வேண்டும். மகாராஷ்டிர அரசு உலக வங்கிக் கடனுடன் 5000க்கும் மேற்பட்ட ஊர்களில் நடத்திய பருவநிலை வேளாண் திட்டத்துக்கு, மழை, மண், பயிர் மூன்றையும் சேர்த்து நீர்க்கணக்குப் போடும் கருவியும் ஐஐடியின் இந்தக் குழுவிலிருந்து வந்தது.

கருவியைவிடப் பாடத்திட்டமே பெரிய சாதனை என்பது என் எண்ணம். 2012இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், ஐஐடிகளின் கல்வியும் ஆய்வும் நாட்டின் அன்றாடத் தேவைகளுக்கு எவ்வளவு பயன்பட்டன என்று சோஹோனி கேட்டார். வீட்டில் இருந்துகொண்டே வீட்டைக் குறை சொன்ன துணிச்சல் அது. உலகின் நிலத்தடி நீர்ப் பயன்பாட்டில் ஏறத்தாழ கால் பங்கு இந்தியாவுடையது. அப்படியிருக்க, ஒரு கிணற்றின் மட்டத்தைக்கூட அளந்து பாராமல் இங்கே ஒருவர் பொறியாளர் ஆகிவிட முடிகிறது. களப்பணியை முதுநிலையில் ஒரு சிலருக்கு மட்டும் வைத்தால் போதாது. இளநிலையில் எல்லோருக்கும் வேண்டும்.

1923 முதல் மாட்டுங்காவில் இயங்கும் விஜேடிஐ பொறியியல் கல்லூரிக்கு இதைச் செய்ய ஷாஹாபூர் வரை போக வேண்டியதுகூட இல்லை. பெரிய மனைகளில் புதிதாகக் கட்டுவோருக்கு மழைநீர் சேகரிப்பு 2002 முதல் மும்பையில் கட்டாயம். தொட்டி கட்டியிருக்கிறார்களா என்பதோடு சோதனை நின்றுவிடுகிறது; கிணற்றில் நீர் ஏறியதா என்று யார் பார்க்கிறார்கள்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் தமிழர்கள் பலர் இம்மலரின் வாசகர்களில் உண்டு. அடுத்த போர்வெல்லுக்குத் துளை போடுமுன், இருக்கிற கிணற்றின் மூடியைத் திறந்து மாணவர்களிடம் கொடுங்கள். மே கடைசியிலும் அக்டோபரிலும் மட்டத்தையும் உப்பையும் அளந்து, கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள்.